இருபத்தைந்து இலக்கமும் ஒரு காலண்டர் தாளும்

கேள்வி: ஐயா, என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷனில் கூடப் படிக்கிற பையன் சொன்னான் என்று ஓர் எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்: 3608528850368400786036725. இதில் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்தால் 2-ஆல் வகுபடுமாம், முதல் மூன்றை எடுத்தால் 3-ஆல், முதல் நான்கை எடுத்தால் 4-ஆல், இப்படியே இருபத்தைந்து வரைக்கும் மீதியில்லாமல் போகுமாம். செல்போனில் போட்டுப் பார்த்தால் கொஞ்ச தூரத்துக்கு மேல் நடுவில் ஓர் 'இ' எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது நிஜமா, பையன் விட்ட கதையா? நிஜமென்றால் ஏன் இருபத்தைந்தோடு நின்றுவிட்டது?
(ஒரு வாசகி, வாடிப்பட்டி)

பதில்: நிஜம்தான் அம்மா. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம். கீழமாசி வீதியில் வற்றல், மல்லி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். எந்தத் தொகையையும் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் அடியில் கோடு போட்டதில்லை. உங்கள் மகள் கொண்டுவந்த எண்ணையும் அப்படித்தான் உட்கார்ந்து பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது. அதில் மூன்று தாள், ஒரு பென்சில், ஒரு சாயங்காலம். அவ்வளவுதான் செலவு.

முதலில் இதை வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 36,08,52,88,50,36,84,00,78,60,36,725. பார்த்தாலே தலை சுற்றும். வலப்பக்கமிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டினால் வாய்க்கு அடங்கும்: 3608, 5288503, 6840078, 6036725. அதாவது மூவாயிரத்து அறுநூற்றெட்டு கோடி கோடி கோடி, அப்புறம் 52,88,503 கோடி கோடி, அப்புறம் 68,40,078 கோடி, கடைசியாக 60,36,725. இதை உரக்க வாசித்ததும் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா, "கோடியெல்லாம் யாருக்கோ இருக்கட்டும், கடைசியில் வருகிற அறுபது லட்சமாவது நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

முதல் தாள் வீணாகப் போனது. எண்ணைப் பார்த்து எழுதும்போது நடுவில் வரும் 88-ஐ ஒற்றை 8 ஆக எழுதிவிட்டேன். ஏழாவது படி வரை ஒழுங்காகத்தான் போனது. எட்டாவதில் 36085285 என்று 5-ல் முடிகிறது. ஒற்றைப்படை எண் எங்கே 8-ஆல் போகும்? கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் விட்டுப்போன எட்டு கண்ணில் பட்டது. இதே தப்பைக் கடையிலும் ஒரு தடவை செய்திருக்கிறேன். சிட்டையில் 88 மூட்டை வரவு. பேரேட்டில் ஏற்றும்போது 8 ஆகிவிட்டது. வருஷக் கடைசியில் சரக்கு எண்ணும் வரைக்கும் எண்பது மூட்டை வற்றல் கணக்கிலேயே இல்லாமல் கோடவுனில் கிடந்தது. முதலாளி திட்டவில்லை, நாலு நாள் என்னோடு பேசவில்லை. இந்த எண் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, அந்த இடத்திலேயே கையைப் பிடித்துவிட்டது.

சரி, இரண்டாவது தாள். முதல் பத்துப் படியும் உங்கள் மகளே செய்யக்கூடியவை. 36 இரட்டைப்படை. 360 மூன்றால் போகும். 3608-ஐ 4-ஆல் வகுத்தால் 902. 36085 ஐந்தில் முடிகிறது. 360852 இரட்டைப்படை, இலக்கங்களைக் கூட்டினால் 24, ஆகவே 6-ஆல் போகும். ஏழுக்கு மட்டும் நிஜமாகவே வகுக்க வேண்டும்: 3608528 என்பது ஏழு தடவை 515504. எட்டுக்குக் கடைசி மூன்று இலக்கம் போதும், 288 என்பது 36 எட்டு. ஒன்பதுக்கு இலக்கக் கூட்டல் 45. பத்தாவது இடத்தில் பூஜ்யம். பதினொன்றுக்கு ஒன்றுவிட்டு ஒன்று கூட்ட வேண்டும்: 3, 0, 5, 8, 5, 3 கூட்டினால் 24, இடையில் விட்ட 6, 8, 2, 8, 0 கூட்டினாலும் 24. இரண்டும் சமம் என்றால் 11-ஆல் போகும். பன்னிரண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம் 36, கூட்டல் 54, சரி.

கடைகளில் இருக்கிற பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர் இதோடு கையை விரித்துவிடும். இதற்கு மேல் நம் கைதான்.

பதின்மூன்றுக்கு ஒரு வழி இருக்கிறது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் எண்ணை வலமிருந்து மும்மூன்றாக வெட்டி, ஒரு துண்டு விட்டு ஒரு துண்டு கூட்டி, இரண்டு கூட்டலையும் கழித்தால் போதும். பதின்மூன்று இலக்கம் வெட்டினால் 3, 608, 528, 850, 368. மூன்றும் 528-ம் 368-ம் சேர்ந்து 899. மற்றவை 608-ம் 850-ம் சேர்ந்து 1458. கழித்தால் 559, அதாவது 43 பதின்மூன்று. பதினான்குக்கும் இதே வழிதான், கழித்து வருவது 420, ஏழால் போகும், எண்ணும் இரட்டைப்படை. பதினைந்து, பதினாறு இரண்டும் சுலபம்.

பதினேழுக்குத்தான் குறுக்குவழி எதுவும் எனக்குக் கைவரவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி மீதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த இலக்கத்தை இறக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். ஈவு நமக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம். மீதி மட்டும் போதும். காலண்டர் தாளில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 3. 36-ல் மீதி 2. 20-ல் 3. 38-ல் 4. 45-ல் 11. 112-ல் 10. 108-ல் 6. 68-ல் ஒன்றுமில்லை. 5. 50-ல் 16. 163-ல் 10. 106-ல் 4. 48-ல் 14. 144-ல் 8. 80-ல் 12. 120-ல் 1. அந்த ஒன்றோடு பதினேழாவது இலக்கமான 7-ஐ இறக்கினால் 17. தீர்ந்தது! பதினாறு படி இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் 17 என்றே நிற்கும்போது, ஐந்தொகை போட்டு இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக நிற்கிற சந்தோஷம்.

இதே மாதிரி 19-க்குப் போட்டால் கடைசியில் 76 நிற்கும், நாலு பத்தொன்பது. 23-க்குப் போட்டால் 207 நிற்கும், ஒன்பது இருபத்துமூன்று. நடுவில் உள்ள 18, 20, 21, 22, 24 எல்லாம் மேலே சொன்ன வழிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் வந்துவிடும், உங்கள் மகளுக்கு விட்டுவைக்கிறேன். 25-க்குக் கடைசி இரண்டு இலக்கமே 25.

இனி ஏன் நின்றுவிட்டது என்ற கேள்வி. எனக்கு எண்ணைவிட இதுதான் பிடித்தது. நம்மிடம் இருப்பது 0 முதல் 9 வரை பத்தே இலக்கம். ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு மீதி இருக்கும். அதன் பின்னால் ஓர் இலக்கத்தை ஒட்டினால் அடுத்தடுத்துப் பத்து எண்கள் நமக்கு எட்டும். கையில் 3 இருந்தால் 30 முதல் 39 வரை. அந்தப் பத்துக்குள் நமக்கு வேண்டிய வாய்ப்பாட்டு எண் ஒன்றாவது விழ வேண்டும். 7-ஆம் வாய்ப்பாட்டு எண்கள் ஏழடிக்கு ஒன்று வருகின்றன, பத்துக்குள் ஒன்று கட்டாயம் சிக்கும். பத்து வரைக்கும் இந்தக் கவலையே இல்லை. எந்த எண்ணையும் ஒரு படி நீட்டிவிடலாம். பத்தாவது படியில் மட்டும் பூஜ்யத்தைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஒன்பது இலக்கத்தில் இந்தக் குணமுள்ள எண்கள் 2,492, பத்து இலக்கத்திலும் அதே 2,492.

பதினொன்றில் ஆரம்பிக்கிறது சிக்கல். கையில் மீதி 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கத்தை ஒட்டினால் 100 முதல் 109 வரைக்கும்தான் எட்டும். 11-ஆம் வாய்ப்பாட்டில் 99 இருக்கிறது, அடுத்தது 110. இரண்டும் வேலிக்கு வெளியே. அந்த எண் அங்கேயே முடிந்தது. வகுக்கிற எண் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் அகலமாகும். இருபதாவது படிக்கு வரும்போது மிஞ்சியிருப்பவை 44 எண்கள். இருபத்தொன்றில் 18. அப்புறம் 12, 6, 3. கடைசியில் இருபத்தைந்தில் ஒன்றே ஒன்று, உங்கள் மகளின் நோட்டில் இருப்பது. ஓரிலக்கம் முதல் இதுவரை எல்லாவற்றையும் சேர்த்தால் 20,456 எண்கள்.

அந்தக் கடைசி மூன்றைக் கொஞ்சம் பாருங்கள், இருபத்துநான்கு இலக்கக்காரர்கள்: 144408645048225636603816, 402852168072900828009216, அப்புறம் நம்முடையது 360852885036840078603672. முதல் இரண்டும் 6-ல் முடிகின்றன. 6-க்குப் பின் எதைப் போட்டாலும் 60-லிருந்து 69 வரைதான் கடைசி இரண்டு இலக்கம். 25-ஆல் போக வேண்டுமானால் 00, 25, 50, 75 இவற்றில் ஒன்று வர வேண்டும். ஆகவே இரண்டுக்கும் அங்கேயே கதவு சாத்தியாயிற்று. நம்முடையது 2-ல் முடிகிறது. பக்கத்தில் ஒரு 5 போட்டால் 25. தப்பித்தது.

இருபத்தாறில் என்ன ஆயிற்று என்று மூன்றாவது தாளில் பார்த்தேன். இருபத்தைந்து இலக்கத்தையும் 26-ஆல் இழுத்துக்கொண்டு வந்தால் கையில் நிற்கும் மீதி 9. எதை ஒட்டினாலும் 90 முதல் 99 வரை. இருபத்தாறாம் வாய்ப்பாட்டில் மூன்று 78, நான்கு 104. நடுவில் ஒன்றுமே கிடையாது. 104 வேண்டுமென்றால் கடைசியில் '14' என்று ஓர் இலக்கம் இருக்க வேண்டும், அதற்கு நம் ஆட்கள் பத்துப் பேரில் யாரும் இல்லை. இருபத்தாறு இல்லையென்றால் இருபத்தேழும் இல்லை, முப்பதும் இல்லை. முதல் இருபத்தாறு இலக்கம் தேறாமல் இருபத்தேழு எப்படித் தேறும்?

இதை இன்னொரு விதமாகவும் மதிப்பு போடலாம். பத்து இலக்க எண்கள் மொத்தம் 900 கோடி. இரண்டில் ஒன்று தேறும், அதில் மூன்றில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று என்று பத்து வரைக்கும் வகுத்துக்கொண்டே போனால் 36,28,800-ஆல் வகுத்ததாக ஆகும். விடை சுமார் 2,480. உண்மையில் இருப்பது 2,492. மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற ஆள் மாதிரி, பக்கத்தில் வந்துவிடுகிறது. இதே மதிப்பை இருபத்தைந்து இலக்கத்துக்குப் போட்டால் அரையும் சில்லறையும்தான் வருகிறது, 0.58. அரை ஆள் வர வேண்டிய இடத்தில் முழு ஆளாக ஒருவர் வந்து நிற்கிறார்.

இன்னொன்று. என்னைப் போல இலக்கத்தை மாற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணைவிட நல்ல முதலாளி கிடைக்க மாட்டார். இந்தக் குணமுள்ள இருபத்தைந்து இலக்க எண் இது ஒன்றுதான் என்பதால், ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தாலும் எங்காவது ஒரு படியில் கணக்கு இடறியே தீரும். உங்கள் மகளின் நோட்டில் இருப்பது சரியாக எழுதப்பட்டதா என்று அந்தப் பையனிடம் கேட்கத் தேவையில்லை. எண்ணிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒவ்வொரு தடவை மட்டும் வரும்படி இதே மாதிரி ஓர் எண் உண்டு, அது 381654729 என்று படித்தேன். கம்ப்யூட்டர் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஒன்பது இலக்கத்தை மாற்றி மாற்றி அடுக்கினால் 3,62,880 வருகிறதே!
(கல்லூரி மாணவர், மேலூர்)

பதில்: தம்பி, மூன்றரை லட்சத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பத்தாகக் குறைத்துவிடலாம். ஐந்தாவது இடத்தில் 5-ஐத் தவிர வேறு எதுவும் வராது, பூஜ்யம்தான் இல்லையே. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இடங்களில் இரட்டைப்படை இலக்கம் வந்தாக வேண்டும். இருப்பதும் நான்கே இரட்டைப்படை. ஆகவே மற்ற இடங்களில் 1, 3, 7, 9.

நான்காவது இடத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் நிற்பது ஒற்றைப்படை. 12, 16, 32, 36, 72, 76, 92, 96 இவைதான் 4-ஆல் போகும். 14, 18 எல்லாம் போகாது. ஆகவே நான்காவது இலக்கம் 2 அல்லது 6. எட்டாவது இடத்துக்கும் இதே கதை. அப்படியென்றால் 4-ம் 8-ம் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. அடுத்து, முதல் மூன்றும் 3-ஆல் போகிறது, முதல் ஆறும் போகிறது, ஆகவே நடு மூன்று இலக்கத்தின் கூட்டலும் 3-ஆல் போக வேண்டும். நடுவில் 5. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் 258, 654 இரண்டு மட்டுமே தேறுகின்றன.

நடுவில் 258 என்றால் எட்டாவது இடம் 6, அதன் முன்னால் வரும் இலக்கத்தோடு சேர்ந்து 16 அல்லது 96 ஆக வேண்டும். முதல் மூன்று இலக்கக் கூட்டலையும் பார்த்தால் மிஞ்சுவது 147258963, 741258963 இரண்டுதான். முதலாவது, செல்போன் விசைப்பலகையில் இரண்டு வரிசையை மேலிருந்து கீழே, கடைசி வரிசையைக் கீழிருந்து மேலே வாசித்த மாதிரி இருக்கிறது பாருங்கள், எனக்கு அதைக் கழித்துக்கட்ட மனசே வரவில்லை. நடுவில் 654 என்றால் எட்டாவது இடம் 2, முன்னாலிருப்பது 3 அல்லது 7. அதில் எட்டு எண்கள் தேறும். மொத்தம் பத்து. இந்தப் பத்துக்கும் ஏழாவது படிதான் பரீட்சை: முதல் ஏழு இலக்கத்தை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 1472589-ல் மீதி 6. 7412589-ல் மீதி 2. 9876543-ல் மீதி 5. ஒவ்வொன்றாக விழுந்து, 3816547 மட்டும் நிற்கும், அது 545221 ஏழு. கடைசியில் 9 தானாகவே சேரும், 1 முதல் 9 வரை கூட்டினால் 45 அல்லவா. அதன் பின்னால் ஒரு பூஜ்யமும் போட்டுக்கொள்ளுங்கள்: 3816547290. பத்து இலக்கமும் வந்தாயிற்று, பத்தாலும் போயிற்று.

கேள்வி: புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். கூட்டு எண் 8 வந்தால் ஆகாது என்று என் மனைவி பிடிவாதமாக இருக்கிறார். நீங்கள் கணக்குக்காரர், உங்கள் அபிப்பிராயம் என்ன?
(ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: வீட்டில் சொல்வதைத் தட்டாதீர்கள், அதுதான் அபிப்பிராயம். கணக்கில் கூட்டு எண் என்பது 9-ஆல் வகுத்து வருகிற மீதி, அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை. மீதி இல்லையென்றால் 9 என்று சொல்லிக்கொள்கிறோம். வாடிப்பட்டி எண்ணுக்கு இலக்கங்களைக் கூட்டினால் 110, மறுபடி கூட்டினால் 2. இதில் ஒரு பிரயோஜனம் உண்டு: முழு வர்க்க எண்களுக்குக் கூட்டு எண் 1, 4, 7, 9 இவற்றில் ஒன்றாகத்தான் வரும். ஆகவே அந்த இருபத்தைந்து இலக்க எண் எதனுடைய வர்க்கமும் இல்லை என்று வகுக்காமல், மூலம் எடுக்காமல் சொல்லிவிடலாம்.

ஸ்கூட்டருக்கு என் வழியில் ஒரு பொழுதுபோக்கு சொல்கிறேன். நம்பர் பிளேட்டின் நாலு இலக்கத்தில் இந்தப் படிக்கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். 7236 என்று ஒரு வண்டி: 72 இரட்டைப்படை, 723 மூன்றால் போகும், 7236 நான்கால் போகும். தேறியது. 1000 முதல் 9999 வரை உள்ள 9,000 எண்களில் தேறுபவை 375, அதாவது இருபத்துநாலு வண்டிக்கு ஒன்று. காளவாசல் சிக்னலில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது டிஎன் 58, டிஎன் 59, டிஎன் 64 என்று பேதம் பார்க்காமல் 96 வண்டி எண்ணினேன். நாலு கிடைக்க வேண்டும், ஐந்து கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் நான் போலீஸ் ஆள் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

கேள்வி: மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் என்கிறார்கள். 985-க்குக் கணக்கில் ஏதாவது விசேஷம் உண்டா?
(ஒரு வாசகர், ஊத்தங்குடி)

பதில்: உண்டு, ஆனால் கட்டியவர்கள் அதை நினைத்துக் கட்டினார்கள் என்று கதை கட்டிவிடாதீர்கள். 985-ஐ 985-ஆல் பெருக்கினால் 9,70,225. இரட்டித்தால் 19,40,450. இப்போது 1393-ஐ 1393-ஆல் பெருக்குங்கள்: 19,40,449. ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. அதாவது 985 அடிக்கு 985 அடி சதுரமாக ஒரு மனை இருந்தால் மூலைக்கு மூலை 1393 அடி; பிசகு ஒரு தலைமுடி கனம்தான் இருக்கும். 1, 2, 5, 12, 29, 70, 169, 408, 985 என்று ஒரு வரிசை உண்டு. ஒவ்வொன்றையும் இரட்டித்து அதற்கு முந்தியதைக் கூட்டினால் அடுத்தது வரும். இந்த வரிசையில் உள்ள எல்லா எண்களுக்கும் மேலே சொன்ன மாதிரி ஒன்று கூடியோ குறைந்தோ வரும். படிக்கணக்கில் 985 தேறவில்லை, மூன்றாவது படியிலேயே மீதி 1.

கேள்வி: சென்ற இதழில் தன் வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண்களைப் பற்றி எழுதும்போது 6, 28, 496, 8182 என்று போட்டிருக்கிறீர்கள். 8182-ஐ நான் ஒரு மணி நேரம் வகுத்துப் பார்த்துவிட்டேன். தூங்கிக்கொண்டே எழுதினீர்களா?
(ஒரு வாசகர், சோழவந்தான்)

பதில்: மன்னிக்க வேண்டும். அது 8128. அச்சுக் கோத்தவர் மேல் பழியைப் போடலாம் என்று என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே 8182தான் இருக்கிறது. 8128-ன் வகுத்திகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 127, 254, 508, 1016, 2032, 4064. கூட்டிப் பாருங்கள், 8128 வரும். நீங்கள் ஒரு மணி நேரம் வகுத்த 8182-க்கோ தன்னை விட்டால் 1, 2, 4091 என்று மூன்றே வகுத்திகள், கூட்டல் 4094. பாதியிலேயே நின்றுவிடுகிறது. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் வீட்டுக்காரம்மா கேட்டார்: "அன்றைக்கு மூட்டையிலும் எட்டு, காலண்டர் தாளிலும் எட்டு, இப்போது இதுவும் எட்டா?" அடுத்த தடவை திருப்பரங்குன்றத்துப் பக்கம் போகும்போது அந்த ஸ்கூட்டர்காரர் மனைவியைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார்.